சீம்பால் கொடுக்க நாலு வீடு

சீம்பால் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் பேத்திக்கு விளக்க வேண்டியிருந்தது. கன்று ஈன்ற மாட்டின் முதல் பால், மஞ்சளாகக் கெட்டியாக இருக்கும், வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்தால் வில்லை போட்டு எடுக்கலாம் என்றேன். "எந்தக் கடையில கிடைக்கும்?" என்றாள். அதை விற்கக் கூடாது என்றேன். "ஏன் விக்கக் கூடாது?" என்றாள். நாம் இதையெல்லாம் ஏன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் இல்லையே. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். வாங்கினவர்கள் பாத்திரத்தைக் கழுவி, வெறும் பாத்திரமாகத் திருப்பாமல் ஒரு பிடி அரிசியோ கொஞ்சம் சர்க்கரையோ போட்டுத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் தெரியும்.

இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கப்பலில் வந்து இறங்கினவர்கள் நாம். "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று யாராவது கேட்டால் ஒரு நிமிஷம் திணறிவிட்டு வாயில் வந்த ஊரைச் சொல்கிறோமே, அந்த நம் கூட்டத்துக்காக. உங்களில் ரங்கூன்காரர்கள் இருக்கிறீர்கள், கொழும்புக்காரர்கள் இருக்கிறீர்கள். நான் சைகோன். சைகோன் என்றதும் பட்டும் பங்களாவும் பிரெஞ்சுமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் மாடு வைத்துப் பால் ஊற்றினவர்கள்.

அப்பா காரைக்கால் பக்கத்திலிருந்து தன் மாமாவோடு அங்கே போனவர். மாமா காலமானபோது ஆறு மாடுகளையும், பால் ஊற்றும் வீடுகளையும் அப்பாவுக்கு விட்டுவிட்டுப் போனார். அப்பா ஊருக்கு வந்து அம்மாவைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனார். நான் அங்கேதான் பிறந்தேன், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஒரு கீற்றுத் தடுப்பில். எனக்குப் பின் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

மாடு வைத்திருந்தால் புல் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். ஊர் ஓரத்தில் எங்காவது ஒரு தரிசைக் கேட்டு வாங்கி, மூங்கில் நட்டு, ஓலை போட்டுக் குடியேறுவோம். ஆறு மாதம் இருப்போம், மிஞ்சினால் ஒரு வருஷம். பிறகு பட்டாளத்துக்கு இடம் வேண்டும் என்பார்கள். அல்லது மழைக்காலத்தில் கால்வாய் பொங்கி அடுப்புக்குள் வந்துவிடும். ஒருமுறை, பக்கத்தில் குடிவந்த பிரெஞ்சுக்கார மதாம் ஒருத்தி ஈ மொய்க்கிறது என்று புகார் எழுதிப் போட்டாள். அவள் காலையில் குடித்த காப்பிக்கு எங்கள் பால்தான். எனக்கு ஒன்பது வயது முடிவதற்குள் எட்டு இடம் மாறிவிட்டோம்.

ஒவ்வொரு இடத்திலும் அம்மா ஓர் அம்மியை விட்டுவிட்டு வந்தாள். மாடு நடந்து வரும், பாத்திர பண்டத்தைக் கைவண்டியில் ஏற்றலாம், அம்மியை என்ன செய்வது? புது இடத்தில் தட்டையாக ஒரு கல்லைத் தேடிப் பிடித்து, கொத்திச் சரிசெய்து, அது கைக்குப் பழகி வரும்போது கிளம்ப வேண்டியிருக்கும். சைகோனைச் சுற்றி எங்கள் அம்மிகள் எட்டு கிடக்கின்றன. யாராவது தோண்டி எடுத்தால் ராஜா காலத்துச் சாமான் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் வைப்பார்கள்.

எனக்குப் பள்ளிக்கூடம் மூன்று மாதம் வாய்த்தது. பெயர் எழுதக் கற்றுக்கொண்ட வாரம் இடம் மாறினோம். விசேஷ நாட்களில் பென் தான் என்கிற பெரிய சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குப் போவோம். அங்கே துணிக்கடைக்காரர்கள் வீட்டுப் பெண்கள் ரிப்பனும் ஷூவும் போட்டுக்கொண்டு வருவார்கள். எங்களை யாரும் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. யாரும் பக்கத்தில் வந்து நின்றதும் இல்லை. எங்கள் துணியில் சாண வாடை இருந்தது. அம்மா எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது.

உள்ளூர்க்காரர்கள் எந்த இந்தியனைப் பார்த்தாலும் 'ஏழாம் அண்ணன்' என்று கூப்பிடுவார்கள். சீனர்களுக்கு மூன்றாவது இடம். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஏழாவது என்றால் மேலே ஆறு பேர் இருக்கத்தானே வேண்டும்? அப்பாவிடம் கேட்டேன். "இருப்பாங்க ஆயி. அவங்கல்லாம் வீடு வாசல்னு இருக்கறவங்க, நம்மளத் தேட மாட்டாங்க" என்றார். அப்பா என்னை 'ஆயி' என்றுதான் கூப்பிடுவார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு குறை உண்டு. மாடு ஈனும் ஒவ்வொரு முறையும் அது வெளியே வரும். "சீம்பால் குடுக்க நாலு வீடு இல்லாத பொழப்பு" என்பாள். பால் வாங்கும் மதாம்களுக்குக் கொடுக்க முடியாது. ஒருத்தி அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்துக் கெட்டுப்போன பால் என்று கீழே ஊற்றியிருக்கிறாள். உள்ளூர்க்காரர்கள் பாலே தொடமாட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் தின்று தின்று, மிச்சத்தை அம்மா மரத்தடியில் ஊற்றிவிட்டு வருவாள். ஊற்றுகிறபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

ஒன்பதாவது இடம் டான் சோன் நாட் விமானத்தளத்துக்குப் பின்புறம் கிடைத்தது. முட்கம்பி வேலி, அதற்கு இந்தப் பக்கம் இடுப்பளவு புல். பிரெஞ்சுக்காரர்கள் வடக்கே தோற்று, நாட்டை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்த வருஷத்து மழைக்காலம் அது. அப்பா பால் ஊற்றும் வீடுகளில் ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு ரெண்டு வீடு கொறஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைச் சாத்துவார். மிஞ்சிய பாலை அம்மா மோராக்குவாள். மோரையும் குடிக்க ஆளில்லை.

ஆனால் ஆட்கள் வந்தார்கள். வடக்கிலிருந்து, விமானம் விமானமாக. எங்கள் புல்வெளிக்கு அந்தப் பக்கம் பச்சைக் கூடாரங்கள் முளைத்தன. முதல் வாரம் நான் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். ஈரக் கான்வாஸ் வாடை, விறகுப் புகை, கொதிக்கும் மீன் சாறு, எந்நேரமும் அழும் ஏதோ ஒரு குழந்தை. அவர்களிடம் ஒன்றுமே இல்லை. ஒரு மூட்டை, ஒரு சட்டி, ஒரு பாய். ஆனால் ஊரை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தான். பங்குச் சாமியார் வந்திருந்தார். மாதாகோயில் மணியைக்கூடக் கழற்றிக்கொண்டு வந்து மூன்று மூங்கிலைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நாங்கள் எட்டு இடம் மாறியும் ஓர் அம்மியைக் கொண்டுவர முடியவில்லை, இவர்கள் மணியைக் கொண்டுவந்திருக்கிறார்களே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அகதிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட குழந்தை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவளாகத்தான் வந்தாள், என் கூடாரத்துச் சிநேகிதி. என் வயதுதான். முன்பற்கள் இரண்டும் விழுந்து பாதி முளைத்திருந்தன. வேலிக்கு அடியில் நுழைந்து வந்து, ஒரு கூடையைக் காட்டிச் சாணம் கேட்டாள். கூடாரங்களுக்கு நடுவில் கீரை போட்டிருக்கிறார்களாம். நான் கூடை நிறைய அள்ளிக் கொடுத்தேன். என் பேச்சைக் கேட்டுச் சிரித்தாள், நான் தெற்கத்தி மாதிரி பேசுகிறேனாம். அவள் பேச்சைக் கேட்டு நானும் சிரித்தேன். அடுத்த நாளிலிருந்து சாணக் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு கூடார வரிசைக்குப் போக ஆரம்பித்தேன்.

அவர்கள் வரிசையில் பதினோரு கூடாரம், பதினான்கு பிள்ளைகள். எல்லாருமே ஒன்றுக்குள் ஒன்று. யார் பிள்ளைக்கு யார் பேன் பார்க்கிறார்கள், யார் சட்டியில் யார் சோறு தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டுவார்கள். நான் உட்காருவேன், தின்பேன். ஆனால் மணி அடித்ததும் பதினான்கு பேரும் எழுந்து கோயில் கூடாரத்துக்கு ஓடிவிடுவார்கள். நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன். அந்த நேரம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

மழை வலுத்த ஒரு நாள் எங்கள் செவலைப் பசு ஈன்றது. கிடாரிக் கன்று. அம்மா சீம்பாலைக் கறந்து வைத்துவிட்டுக் கூடாரங்களைப் பார்த்தாள். எத்தனை வருஷமாகத் தேடினாளோ அது புல்லுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றது.

"அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல புள்ள" என்றார் அப்பா.

"பாலு என்ன வெஷமா? பச்சப்புள்ளைங்கல்லாம் எலும்பும் தோலுமா அலையுதுங்க. நாலு வீடு இல்லன்னு அழுதேன், மாரியாத்தா பதினோரு வீட்டக் கொண்டாந்து வச்சிருக்கா. குடுக்கலன்னா அவளுக்கே அடுக்காது."

கம்போடியாப் பனைவெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் நுணுக்கி, இட்லிப் பானையில் அவித்தாள். பெரிய தூக்குவாளியில் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். சிநேகிதியின் அம்மா அதை முகர்ந்து பார்த்தாள், விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு வில்லையாக வெட்டிப் பதினோரு கூடாரத்துக்கும் பங்கு போட்டாள். ஆளுக்குச் சுண்டுவிரல் அளவுதான் வந்தது. இனிப்பைப் பார்த்து எத்தனை நாளானதோ, பிள்ளைகள் விரலை நக்கிக்கொண்டே நின்றார்கள்.

சாயந்திரம் சிநேகிதியின் அம்மாவே தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா மூடியைத் திறந்தாள். உள்ளே வெயிலில் காய வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. வடக்கிலிருந்து மூட்டையில் கட்டி வந்தவை. யாரும் அவளுக்கு நம் வழக்கத்தைச் சொல்லவில்லை. அம்மா அந்தத் தூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"வெறுந்தூக்கா திருப்பல, பாத்தீங்களா? அவளும் நம்மள மாதிரிதாங்க" என்று அப்பாவிடம் நாலு தடவை சொன்னாள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை.

ஈன்ற மாட்டின் பாலைப் பதினைந்து நாள் எங்கள் வீட்டில் விற்கமாட்டார்கள். அதனால் ஆறாம் நாள் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகளுக்குத் தினம் ஆளுக்கு ஒரு தம்ளர் பால். சீம்பாலைத்தான் ஆசையாகத் தின்றார்களே. அப்பா விடிவதற்குள் சைக்கிளில் கிளம்பிப் போயிருந்தார். அம்மா பாலைக் காய்ச்சி, சர்க்கரையைத் தாராளமாகப் போட்டு, எங்கள் வீட்டுத் தம்ளர், கிண்ணம், மூடி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். காலைப் பூசை முடிந்து வெறும் வயிற்றோடு வந்த பதினான்கு பேரும் எங்கள் கொட்டகை வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் சிநேகிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். குடிக்கத் தயங்கிய ஒரு சின்னப் பையனை மடியில் வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றிவிட்டாள். "குடிடா என் ராசா, ஒடம்புல ஒட்டும்" என்றாள். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் குடித்தான்.

நண்பகலுக்கு முன்பே கூடாரப் பக்கம் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கூடார வரிசையில் ஒரு பிள்ளைகூட இல்லை. எல்லாரையும் கோயில் கூடாரத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள், எழுந்து பள்ளத்துக்கு ஓடினார்கள், வந்து விழுந்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான் அந்த முகாமில் வயிற்றுப்போக்கில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். பெண்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு அழுதார்கள். வெளியே ஆண்கள் கூடி நின்று எங்கள் கொட்டகைப் பக்கம் கை காட்டிப் பேசினார்கள்.

நான் கூடார வாசலில் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. சிநேகிதி மூன்றாவது பாயில் சுருண்டு கிடந்தாள். அவள் அம்மா ஒரு பிள்ளையின் முதுகில் தைலத்தைத் தடவி, கரண்டி விளிம்பால் சுரண்டிக்கொண்டிருந்தாள். உடம்பில் புகுந்த கெட்ட காற்று போக அங்கே அப்படித்தான் செய்வார்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீயும் குடிச்சியா?"

"குடிச்சேன்."

"உனக்கும் வலிக்குதா?"

எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. பிறந்ததிலிருந்து பால் குடித்து வளர்ந்த வயிறு. அன்று காலை இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, பழையதும் தின்றுவிட்டுத்தான் போயிருந்தேன். இல்லை என்று சொன்னால் வாசலிலேயே நிற்க வேண்டும். அது எனக்குத் தெரிந்தது. நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அவள் உடனே என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துச் சிநேகிதி பக்கத்தில் படுக்க வைத்தாள். சட்டையைத் தூக்கித் தைலம் தடவிச் சுரண்டினாள். முதுகு எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே தலையைத் தடவிவிட்டாள். சிநேகிதி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். சாமியார் வந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். என் தலையில் கை வைத்தபோது 'பதினைந்து' என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதற்கு முன் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அப்போது வெளியே அப்பாவின் குரல் கேட்டது. பால் ஊற்றிவிட்டு வந்தவரை வழியிலேயே மறித்துக் கூட்டிவந்திருந்தார்கள். சாமியாரிடம் அவர்கள் பாஷையில் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"பால்ல ஒண்ணும் கெடயாது சாமி. வேற என்னமோ சாப்பிட்டிருக்கும். எம்பொண்ணும் இதே பாலத்தான் குடிச்சிருப்பா. அவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. கூட்டியாந்து காட்டுறேன், நீங்களே பாருங்க."

சாமியார் கூடாரத்துத் துணியை விலக்கிக் காட்டினார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் எழுந்து உட்கார்ந்திருக்கலாம். "எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையும் அங்கேயே நின்றிருக்கும். என் விரல் சிநேகிதியின் கைக்குள் இருந்தது. அதை விட எனக்கு மனம் வரவில்லை.

"ஆயி, ஒனக்குமா? நெசமா வலிக்குதா?"

"ம்" என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். கூடி நின்றவர்களைப் பார்த்துக் கையைக் கூப்பினார். தப்பு எங்களுடையதுதான் என்று அவர்கள் பாஷையில் சொன்னார். பிறகு தமிழில் இன்னொரு முறை, யாருக்கென்று இல்லாமல், "தப்பு எங்களோடதுதான்" என்றார்.

என்னைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தம்ளர்கள் அப்படியே கிடந்தன.

"இவளுக்குமா?" என்றாள்.

"இவளுக்கும்தான்" என்றார் அப்பா.

"எப்பலேர்ந்துடி வலிக்குது?"

"காலைலேர்ந்து."

"எங்கையாலதான ஊத்துனேன்! வேணாம் வேணாம்னு அழுத புள்ளைக்கி மூக்கப் புடிச்சு ஊத்துனேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மிச்சமிருந்த பாலைக் கொண்டுபோய் மண்ணில் ஊற்றினாள். எனக்கு வெறும் கஞ்சித் தண்ணீர்தான் கொடுத்தாள். எனக்கோ அகோரப் பசி. பொய் சொன்ன வாயை மூடிக்கொண்டு கஞ்சித் தண்ணீரைக் குடித்தேன்.

மறுநாள் காலையிலேயே அப்பா சீனர்கள் இருக்கும் சோலோனிலிருந்து மாட்டு வியாபாரியை அழைத்துவந்துவிட்டார். அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். பால் கெட்டது, குடித்த பிள்ளைகளுக்கு ஆகவில்லை, என் பிள்ளைக்கே ஆகவில்லை என்று அந்தச் சீனரிடம் ஒளிக்காமல் சொன்னார். அப்படியானால் கறிக்குத்தான் எடுக்க முடியும் என்றார் அவர். அப்பா செவலையை முளையிலிருந்து அவிழ்த்தார். பிறகு கயிற்றைக் கொடுத்தார். கன்றையும் சேர்த்துத்தான்.

கன்றின் கயிறு என் கையில் இருந்தது. இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று குதித்தது. சொன்னால் அடி விழும். அது பெரிதில்லை. சொன்னால் நான் பதினைந்தாவது இல்லை. கயிற்றை வியாபாரி கையில் கொடுத்துவிட்டேன். அம்மா வெளியே வரவே இல்லை.

அன்று நண்பகல் சாமியாரும் சிநேகிதியின் அம்மாவும் வந்தார்கள். அவள் கையில், எங்கள் சாணம் போட்டு வளர்த்த கீரையில் ஒரு கட்டு இருந்தது.

"எல்லாம் எழுந்து வெளையாடுதுங்க. நேத்து சாயந்திரமே சோறு கேட்டுதுங்க" என்றாள். "பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

சாமியார் அப்பாவின் தோளில் கை வைத்து, யாருக்கும் எந்த வருத்தமும் இல்லை, பக்கத்திலேயே இருங்கள் என்றார். அப்பா காலியாக நின்ற முளையைப் பார்த்தார். சிநேகிதியின் அம்மா உள்ளே எட்டிப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "போகச் சொல்லுடி. எம்மூஞ்சிய அவங்களுக்குக் காட்ட முடியாது" என்றாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அம்மா தூங்குகிறாள் என்று சொன்னேன். அது என் இரண்டாவது பொய்.

மூன்று வாரம் கழித்து லாரிகள் வந்தன. அவர்களுக்கு வடகிழக்கே காட்டை வெட்டி நிலம் கொடுத்திருந்தார்கள். மணியை வைக்கோல் சுற்றி ஏற்றினார்கள். சிநேகிதி லாரி மேலே நின்றுகொண்டு, இடம் இருக்கிறது, நீயும் ஏறு என்று கையை நீட்டினாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் லாரியை ஒட்டியே நின்றேன். சாமியார் பிள்ளைகளை எண்ணினார். பதினான்கில் நிறுத்திவிட்டுப் பின்பலகையைத் தூக்கிக் கொண்டியைப் போட்டார். என்னைப் பார்த்து ஆசீர்வாதம் செய்தார். லாரி போன பிறகு வெகுநேரம் டீசல் வாடை அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு எங்களுக்கும் அங்கே என்ன இருந்தது? மதாம்கள் எல்லாம் போய்விட்டார்கள். இருந்த மாடுகளை அப்பா கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் கப்பலேறினோம்.

காரைக்காலில் எங்களுக்கு ஓட்டு வீடு, அம்மி, ஆட்டுக்கல், இரண்டு மாடு எல்லாம் அமைந்தன. நாலு வீடு இல்லை, அந்தத் தெருவில் நாற்பது வீடு. அம்மா ஒரு வீட்டுக்கும் ஒன்றும் கொடுத்ததில்லை. மாடு ஈன்றால் கதவைச் சாத்திக்கொள்வாள். பக்கத்து வீட்டுக் குழந்தை மோர் கேட்டுத் தம்ளரோடு வந்து நிற்கும். "இல்ல சாமி, போ" என்பாள். பானை நிறைய மோர் இருக்கும். என் கல்யாணத்தில்கூடப் பந்தியில் தன் கையால் எதையும் பரிமாறவில்லை. சைகோன்காரி கஞ்சம் என்று தெருவில் பெயர் வைத்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அதற்குப் பிறகும் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தாள். பிறர் வீட்டுக் குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலும் அவள் முகம் மாறும். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது வருஷம் பார்த்தேன். சொல்ல வாயைத் திறப்பேன், பிறகு பார்க்கலாம் என்று மூடிக்கொள்வேன். பிள்ளை பெற்றேன், அந்தப் பிள்ளைக்கும் அம்மா தன் கையால் பால் புகட்டவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

அம்மா போய்ப் பத்து வருஷம் ஆன பிறகு, எதிர்வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் டாக்டர் ஒருவரிடம் போனேன். பால் குடித்தால் வயிற்றால் போகிறது. அந்த டாக்டர் அம்மா சாதாரணமாகச் சொன்னார்: சில பேர் வயிறு பாலை ஏற்காது, கிழக்கே சில நாடுகளில் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான், பயமில்லை, ஒருநாளில் தானே சரியாகிவிடும், பாலில் குற்றமில்லை. நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். குழந்தைக்கு நான் யார் உறவு என்று டாக்டர் விசாரித்தார்.

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அப்போது எண்பதை நெருங்கிவிட்டது. வயிறு வலிக்கவில்லை, பொய் சொன்னேன், அவர்களோடு படுத்துக்கொள்வதற்காகச் சொன்னேன் என்றேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, காதை என் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப அது நல்ல பாலா?" என்றார்.

"நல்ல பால்தாம்பா."

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

"ஒங்கம்மா இருக்கறப்ப சொல்லிருக்கலாமே, ஆயி" என்றார்.